நாலு மணி நேரத்தின் வாசல்காரர்

"வாங்க ராசா. இன்னிக்கு என்ன விக்கறீங்க?"

ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே போய், விளக்கைப் போடும் முன்பே கம்ப்யூட்டரைப் போட்டு, வாசல்காரர் திரையைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி இது. மாத்திரை விற்கிறவன் வந்திருக்கிறான். போ. வட்டியில்லாக் கடன் தருகிறவன். போ. சீட்டாடக் கூப்பிடுகிறவன் மட்டும் நாற்பது தடவை வந்து போயிருக்கிறான். போ, போ, போ. ஒருத்தி படம் போட்டு, வீட்டில் தனியாக இருப்பதாக எழுதியிருக்கிறாள். "இங்க இருக்கறவன் ஒவ்வொருத்தனும் கையில ஊசியோட படுத்திருக்கான். உனக்கு ஆள் பார்க்கத் தெரியலையேம்மா" என்று அவளுக்கு மட்டும் இரண்டு வார்த்தை அதிகம். பிறகு அவளும் போ. அழிப்பது மோதிர விரலால். ஆள்காட்டி விரல் அழித்து அழித்து வலி கண்டுவிட்டது, நடுவிரலும் மறுத்துவிட்டது, அதனால் வேலை மூன்றாவது விரலுக்கு வந்திருக்கிறது.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங் என்று மூன்று தொழில்கள் எழுதியிருக்கின்றன. இந்த நாலாவது தொழிலுக்குப் பலகையில் இடமில்லை. 'நாலு மணி நேரம்' என்று ஓர் இணைய தளம் நடத்துகிறார். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் கையைக் கொடுத்து, ரத்தம் சுத்தமாகி வரும் வரை நாலு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். சும்மா கிடக்கிற இன்னொரு கையில் போன். அந்தப் போனில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஓர் இடம் இது. கால் வீங்கினால் என்ன, அரிப்பு எடுத்தால் என்ன, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்வதா மறைப்பதா என்று ஒருவர் கேட்பார், எட்டுப் பேர் பதில் சொல்வார்கள், இரண்டு பேர் சண்டை போடுவார்கள். ஓரத்தில் ஒரு வருகைப் பதிவேடும் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்கள் அதில் எழுதலாம். பெரும்பாலும், 'உங்கள் குழுவில் இருந்த என் அப்பா போன வாரம் போய்விட்டார், நீங்கள் பேசியதற்கு நன்றி' என்கிற மாதிரி.

ஆள் பார்க்க மெலிசு. ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. இரவல் கேட்கிறவர்களுக்கு எழுதாததைத்தான் கொடுப்பார். "எழுதலையே சார்" என்றால், "உதறிப் பாருங்க" என்பார். உதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் நகல் எடுத்து முடித்துவிடுவார்.

என் செருப்புக் கடை பக்கத்துக் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். காது கொடுக்காவிட்டாலும் கேட்கும், கொடுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று மாதமாக அவரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு. திரை வாடிக்கையாளர் பெஞ்சைப் பார்த்தபடி இருக்கிறது. சான்றிதழ் நகலெடுக்க வந்த டீச்சர் ஒருத்தர் அந்தத் திரையில் எதையோ பார்த்துவிட்டு, அசல் சான்றிதழைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினார். மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. பெண்டாட்டி போய் மூன்று வருஷம்தான் ஆகிறது, மனுஷன் கடையிலேயே உட்கார்ந்து அந்த மாதிரிப் படம் பார்க்கிறார் என்று. அது தெருமுனை தாண்டிப் போனதில் என் உழைப்பும் கொஞ்சம் உண்டு.

"என்ன மச்சான், கடையில கலர் கலரா ஓடுதாமே" என்று நேரிலேயே கேட்டேன்.

"ஓடுது. இருங்க, உங்க படமும் ஒரு நாள் வரும்" என்றார். திரும்பவில்லை. விரல் மட்டும் அழித்துக்கொண்டே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் குப்பையில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவ்வளவு காவல் போட்டு வைத்திருந்தார். மூன்று பூட்டு. முதல் பூட்டு ஒரு கேள்வி: 'ஒரு தடவைக்கு எத்தனை ஊசி குத்துவார்கள்?' இரண்டு என்று படுத்தவனுக்குத் தெரியும். மாத்திரை விற்க வருவது ஆளில்லை, எங்கோ இருக்கிற ஒரு மிஷின், அதற்குத் தெரியாது. அந்த ஒரு பதிலை ஜனங்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். இரண்டு, ரெண்டு, ரண்டு, எண்ணில் இரண்டு, ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களின் ரெண்டு, 'ரெண்டு குத்து, அப்புறம் நர்சு மூடைப் பொறுத்து' என்று எழுதிய ஒரு பெரியவரின் பதில்கூடப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது பூட்டு, புதிதாக வந்தவர் எழுதும் முதல் மூன்று கடிதங்கள். அவர் படித்து உள்ளே விட்டால்தான் அவை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவனை மிஷினே பிடித்துக் குப்பைக் கூடையில் போட்டு, ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடும்.

"எறும்பு நுழையாது மச்சான்" என்று சொல்லிக்கொள்வார். உண்மைதான், நுழையவில்லை.

தளம் நடத்துவதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது, வேறு யாருடைய பாஷையிலோ. அது ஆட்களோடு பேசுகிற வாக்கியங்கள் அறுநூற்றுச் சொச்சம். அத்தனையையும் தமிழாக்கினார். ஒரு நோட்டில் எழுதினார், மனைவியின் படுக்கை அருகே உட்கார்ந்து. டயாலிசிஸ் அந்த அம்மாவுக்குத்தான். ஐந்து வருஷம் ஓடியது. இவர் பிழைப்பு டைப்பிங், அதனால் கைக்கு வந்ததெல்லாம் மனு பாஷை. 'தங்களது பதிவு பரிசீலனையில் உள்ளது' என்று படித்துக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "என்ன இது, கோர்ட்டு நோட்டீசா? ஏற்கெனவே பாதி உசுரு. மனுஷங்க பேசற மாதிரி எழுதுங்க" என்றார்களாம்.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொல்லச் சொல்ல இவர் எழுதினார். கடிதம் காத்திருந்தால்: 'உங்க கடிதம் வாசல்ல நிக்குது. பார்த்துட்டுக் கூப்பிடறோம்.' இவருக்கு வாசல்காரர் என்ற பெயர் வந்தது இதனால். கடவுச்சொல் தப்பானால்: 'சாவி மாறிப்போச்சு. இன்னொரு பாக்கெட்ல பாருங்க.' ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவனுக்கு என்ன சொல்வது என்று இவர் கேட்டபோது, தன்னிடம் பத்துத் தடவை 'வலிக்குதா, வலிக்குதா' என்று கேட்கும் புருஷனுக்குத் தான் கொடுக்கிற பதிலையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள்:

'ஒரு தடவை சொன்னாப் போதும், காது கேக்குது. போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க.'

அந்த நோயில் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர், மருந்து விழுங்குவதும் அதற்குள்தான். தாகத்தில் நாக்கு உலர்ந்து கிடக்கிறவர்களைப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிற குசும்பு. அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் சிரித்த சிரிப்பில் ஒருவருடைய மிஷின் அலாரம் அடிக்க, நர்சு ஓடி வந்தாராம். இதை எனக்குச் சொல்லும்போதெல்லாம் அவரும் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு தையல்காரர் சேர்ந்தார். டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்றாவது வாரம். ஊசி எத்தனை என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லி உள்ளே வந்தவர். ஒரு மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஊசி குத்திய இடம் திறந்துகொண்டது. வீட்டில் ஆள் இல்லை. கையில் துண்டைச் சுற்றினார். அது நனைந்ததும் மேலே இன்னொன்று. 'நாலு மணி நேரம்' குழுவில் எந்த உறுப்பினரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: துண்டு சுற்றக் கூடாது, துண்டு ரத்தத்தைக் குடிக்கும், நிறுத்தாது. ஓட்டை இருக்கிற அந்த ஒரு புள்ளியில் கட்டைவிரலை வைத்து அமுக்கு, கையைத் தூக்கிப் பிடி, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. அவ்வளவுதான். மூன்றாவது வாரத்துக்காரருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நம்பர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. அவர் ஒற்றைக் கையால் குழுவுக்கு எழுதினார்.

ஒன்று பத்துக்கு: 'ரத்தம் நிக்கல. என்ன செய்யணும்.' வாசலில் நிற்க வைக்கப்பட்டது.

ஒன்று பதினொன்றுக்கு அதே வரி. பிறகு மறுபடியும் அதே. பிறகு, 'ரத்தம் நிக்கல' மட்டும். மிஷின் நாலையும் பார்த்தது, ஒரே சரக்கு என்று முடிவு செய்தது, நாலையும் மாத்திரைக்காரனுக்கும் சீட்டாட்டக்காரனுக்கும் நடுவில் போட்டது, ஐந்தாவது தடவை அவர் பொத்தானை அழுத்தியபோது கதவைச் சாத்திப் பதில் சொன்னது. காது கேக்குது. தண்ணி குடிச்சிட்டு வாங்க.

அந்த நேரத்தில் வாசல்காரர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு அடையாள அட்டைகளை லேமினேட் செய்துகொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். குப்பைக் கூடையைப் பார்க்காமலேதான் கொட்டுவார். அன்று கொட்டுவதற்கு முன்னால் கண் பட்டுவிட்டது. மணி மூன்றே முக்கால். 'கட்டைவிரலால் அமுக்குங்கள், துண்டு வேண்டாம், கையைத் தூக்குங்கள்' என்று எழுதினார். போன் நம்பர் கிடையாது, வீடு எங்கே என்று தெரியாது, அங்கே எல்லாரும் புனைபெயரில்தான் இருக்கிறார்கள். அன்று அவர் ஒரு நகல்கூட எடுக்கவில்லை. என் கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பு பார்க்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாலை போய் மூன்று பூட்டுகளையும் கழற்றினார்.

அதிலிருந்து யார் என்ன எழுதினாலும் நேரே உள்ளே போகிறது. குப்பையும் போகிறது. இவர் காலையிலிருந்து கடை சாத்தும் வரை கையால் பொறுக்குகிறார். உறுப்பினர்களுக்குக் கோபம். சனிக்கிழமை மாமா என்று ஒரு பெரியவர், தன் மூன்று நாளில் ஒன்றைச் சனிக்கிழமைக்கு வைத்திருப்பவர், போனில் பிடித்துக்கொண்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"ஏம்ப்பா, பேத்தி பக்கத்துல உக்காந்து போனைப் பார்க்குது. திறந்தா ஒருத்தி துணியில்லாம நிக்கறா. நான் என்னன்னு சொல்றது, டயாலிசிஸ் டாக்டர்னா?"

"அழிச்சிட்டேன் மாமா."

"அழிச்ச. அடுத்தவ வந்துட்டா. பூட்டை மறுபடி போடு."

"போட மாட்டேன் மாமா."

"அப்ப அந்தத் தண்ணி வசனத்தையாவது எடு. பூட்டுப் போட்டா அது மறுபடி வரும்னுதானே பயப்படற? எடுத்துடு."

போனை வைக்கிற சத்தம்தான் கேட்டது. அந்த வரியை இன்றுவரை அவர் எடுக்கவில்லை. எடுப்பது ஒரு நிமிஷ வேலை என்று எனக்கே காட்டியிருக்கிறார். திரையில் அம்புக்குறி அந்த வரியின் மேல் போய் நின்றுவிட்டு, அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.

தையல்காரர் என்ன ஆனார் என்பது பதினோரு நாள் கழித்து வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. இரண்டு வரி. 'அன்னிக்கே போயிட்டார். என் வீட்டுக்காரரைத் தண்ணி குடிச்சிட்டு வரச் சொன்னது யார்? நேரில் பார்க்கணும்.'

அதற்கு மேலும் கீழும் சூதாட்டமும் கடனும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. இவர் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த இரண்டு வரிகளைச் சுத்தமாக வைத்திருந்தார். பதில் எழுதவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், இரண்டு மாதம். மதியச் சாப்பாட்டை நிறுத்தியது அப்போதுதான். டப்பா வரும், திறக்காமல் போகும்.

நான்தான் பொறுக்காமல் சொன்னேன். "மிஷின் சொன்னதுன்னு எழுதிடுங்க மச்சான். பொய் இல்லையே."

அழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மிஷினுக்குத் தமிழ் தெரியுமா?"

மறுநாள் பதிவேட்டில் கடை விலாசத்தை எழுதினார். கூடவே, 'நான்தான்' என்று ஒரு வார்த்தை.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனைக் கடைக்கு எதிரே நிறுத்தி, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இறங்கினார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீ வாங்கிக்கொண்டு, கொடுக்கிற சாக்கில் உள்ளே போய், வெளியே வர மறந்துவிட்டேன்.

அந்தப் பெண் ஒரு போனை மேசைக் கண்ணாடி மேல் வைத்தார். புருஷனுடைய போன். திரையில் அந்த வரி.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமா."

"அந்த நேரத்துலயா எழுதினீங்க?"

"இல்லம்மா. எட்டு வருஷம் முன்னாடி. நிறைய தடவை அனுப்பினா அதுவா போய்ச் சொல்லும். நான் அப்ப கடையிலதான் இருந்தேன். பார்க்கல."

"எட்டு வருஷம் முன்னாடி எழுதி வச்சீங்க. தண்ணி குடிச்சிட்டு வான்னு."

"வார்த்தை என் சம்சாரம் சொன்னது. அவளுக்கும் இதே சீக்கு. தமாசுக்குச் சொன்னா." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கூப்பிடுங்க அவங்கள."

"இல்ல. போய் மூணு வருஷம் ஆச்சு."

அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தார். சாவி கண்ணாடியில் மோதிச் சத்தம் போட்டது. "அப்ப நான் யாரைத்தான் திட்டறது" என்றார். திட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே யோசிக்கிற குரல்.

"என்னைத் திட்டுங்க."

"உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். வர்ற வழியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். திரையில் ஒருவன் கார் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "எனக்கும் ஏழு தடவை அடிச்சிருக்கார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டேன். குழந்தைங்க இருக்காங்கல்ல பின்னாடி. எல்லாத்தையும் இறக்கி விட்டுட்டுப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

என் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் போனை எடுத்து, விரலால் தள்ளி, கீழே இருந்ததைக் காட்டினார். "இது நீங்க போட்டதுதானே. மூணே முக்காலுக்கு. கட்டைவிரலால அமுக்குன்னு."

"ஆமா."

"அமுக்கினா நின்னிருக்குமா?"

வாசல்காரர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால் பொய்தான் வந்திருக்கும்.

"பெரும்பாலும் நிக்கும்மா" என்றார்.

அந்தப் பெண் தலையை ஆட்டினார். ரவிக்கையின் இடது கையை மேலே சுருட்டிவிட்டு, கையை மல்லாத்திக் கண்ணாடி மேல் வைத்தார், நர்சு முன்னால் வைக்கிற மாதிரி.

"எங்கன்னு காட்டுங்க."

"வேணாம்மா."

"காட்டுங்கண்ணே. நான் பார்க்கணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஐந்து வருஷம் தன் மனைவிக்குச் செய்த கை, தேடவே இல்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டைவிரலை வைத்தார்.

"இவ்ளோ மெதுவாவா?"

கொஞ்சம் அழுத்தினார்.

"இவ்ளோதானா?"

இன்னும் அழுத்தினார்.

"எவ்ளோ நேரம் பிடிக்கணும்?"

"பத்து நிமிஷம். நடுவுல எடுத்துப் பார்க்கக் கூடாது."

"பிடிங்க" என்றார் அந்தப் பெண்.

வாசலில் ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்று, முன்னாலும் பின்னாலும் இரண்டு இரண்டு காப்பி என்றார். யாரும் திரும்பாததால் இன்னொரு தடவை சொன்னார். திரையில் புதிது புதிதாக வந்து விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வாசல்காரர் தலையைத் தூக்கவில்லை. கட்டைவிரல் நகம் வெளுத்து, விரலே நடுங்க ஆரம்பித்தபோது, அடுத்த கையின் கட்டைவிரலை எடுத்து அதன் மேல் வைத்து அமுக்கினார்.